நாகசாகியின் கிறிஸ்தவர்கள் – 7: உராக்காமியில் ஒரு சாவு வீடு

1644ஆம் ஆண்டு கொனிஷி மான்சியோ என்ற ஜப்பானியக் குரு வேதசாட்சியாக இறந்ததோடு சென்ற பகுதி முடிந்தது. அவருக்குப் பிறகு ஊர் ஊராக ஒளிந்து திரிந்து பூசை வைக்க ஜப்பானில் ஒரு குருவும் மிஞ்சவில்லை. 1708இல் சிதோத்தி என்ற இத்தாலியக் குரு தன்னந்தனியாகத் தென்தீவு ஒன்றில் கரையேறினார். ஏறிய கையோடு பிடிபட்டு, எடோ நகரத்துச் சிறையில் மடிந்தார். அவர் வந்ததும் போனதும் நாகசாகியின் கிராமங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. மான்சியோவின் மரணத்திலிருந்து, இந்தப் பகுதியில் நாம் பார்க்கப்போகும் 1865ஆம் ஆண்டு வரை, 221 ஆண்டுகள். பூசை இல்லை, நற்கருணை இல்லை, பாவசங்கீர்த்தனம் கேட்க ஆள் இல்லை. அப்படியும் ஒரு சபை உயிரோடு இருந்தது.

அது எப்படி இருந்தது என்பதைப் பற்றி எத்தனையோ நூல்கள் வந்துவிட்டன. ஆனால் என் மனம் போய் நிற்பது வேறிடத்தில். ஒளிந்து வாழக் கற்றுக்கொண்டு, அதில் ஏழு தலைமுறைகள் தேர்ச்சியும் பெற்ற மக்கள், சட்டம் இன்னும் மாறாதபோதே, தலைக்கு மேல் கத்தி தொங்கும்போதே, ஏன் ஒரு நாள் வெளியே வந்து நின்றார்கள்? அவர்களை யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. அவர்களாகவே மணியக்காரரின் வாசலுக்குப் போய்ச் சொன்னார்கள். அந்த முடிவுக்கு அவர்களைக் கொண்டுபோனது ஒரு சாவு வீடு.

அதற்கு முன் அவர்கள் எதற்குள் வாழ்ந்தார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். 1614ஆம் ஆண்டுத் தடைக்குப் பிறகு, ஜப்பானில் ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒரு பௌத்த விகாரையின் ஏட்டில் பெயர் பதிந்தாக வேண்டும். பிறந்தாலும் இறந்தாலும் அந்த ஏடு பேசும். ஐந்து வீடுகளை ஒரு குழுவாகக் கட்டிவைத்திருந்தார்கள். ஒரு வீட்டில் கிறிஸ்தவம் பிடிபட்டால் ஐந்து வீட்டுக்கும் தண்டனை. தெருமுனைகளில் மரப்பலகைகள் நின்றன. 1682ஆம் ஆண்டுப் பலகையின்படி, ஒரு குருவைக் காட்டிக்கொடுத்தால் 500 வெள்ளிக்காசு. மறுதலித்துவிட்டுத் திரும்பவும் வேதத்துக்குப் போனவனைக் காட்டிக்கொடுத்தால் 300. நாகசாகிப் பகுதியில் வருடப் பிறப்பை ஒட்டி ஒவ்வொருவரும் ஆண்டவர் அல்லது மாதாவின் உருவம் பதித்த தகட்டைக் காலால் மிதித்துக் காட்ட வேண்டும். கைக்குழந்தையின் பாதத்தையும் அதன்மேல் வைத்து எடுப்பார்கள்.

அவர்கள் மிதித்தார்கள். மிதித்துவிட்டு வீட்டுக்கு வந்து உத்தம மனஸ்தாப மந்திரம் சொன்னார்கள். குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வழியில்லாதபோது முழு மனதோடு துக்கப்பட்டால் மன்னிப்பு உண்டு என்று விளக்கும் ஒரு சிறு நூல் 1603இல் எழுந்தது. அதைக் கையால் பிரதி எடுத்து, மனப்பாடம் செய்து, பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் அந்த ஒரு மந்திரம் ஒரு சபையைத் தாங்கியது. மிதித்தவர்களைக் கோழைகள் என்று எழுதிவிட்டுப் போகும் நூல்களும் இருக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. வேதசாட்சிகளை மட்டும் கொண்டு கணக்கெடுத்தால், 1865இல் வந்து கதவைத் தட்ட ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

குரு இல்லாத சபையை நடத்தச் சாதாரண மக்களிடையே பொறுப்புகளைப் பிரித்துக்கொண்டார்கள். நாகசாகியின் வடபுறத்தில் இருந்த உராக்காமி என்ற உழவர் ஊரில், திருநாட்களைக் கணக்கிட்டுச் சொல்ல ஓர் ஏட்டுக்காரர் இருந்தார். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க ஒரு தண்ணீர்க்காரர். வீடு வீடாகச் செய்தி கொண்டுபோக ஒரு சேதிக்காரர். 1549 ஆகஸ்ட் 15 அன்று ககோஷிமாவில் இறங்கிய சவேரியார், அதற்குச் சில ஆண்டுகள் முன்பு நம் முத்துக்குளித்துறையில் இதே வழியைத்தான் பிடித்திருந்தார். ஒவ்வொரு பரதவர் ஊரிலும் ஒரு கணக்கப்பிள்ளையை நியமித்து, தமிழில் செபங்களைக் கற்பித்து, தான் இல்லாதபோதும் ஊர் செபிக்க வழிசெய்துவிட்டுப் போனார். மணப்பாட்டிலும் புன்னைக்காயலிலும் அந்தப் பொறுப்புக்கு ஆபத்து குறைவு. உராக்காமியில் அது தலையை அடகுவைக்கும் பொறுப்பு. ஏட்டுக்காரர் பொறுப்பு ஒரே குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வந்தது. ஏழாவது ஏட்டுக்காரரான கிச்சிஸோ பிடிபட்டு 1856இல் சிறையில் இறந்தார்.

ஏழு என்ற எண்ணுக்கு அந்த மக்களிடம் ஒரு கனம் இருந்தது. பாஸ்தியான் என்ற உபதேசியார் 17ஆம் நூற்றாண்டில் கொல்லப்படுவதற்கு முன் ஒரு வாக்கு விட்டுச்சென்றார் என்பது சொதோமே கடற்கரை ஊர்களின் மரபு. ஏழு தலைமுறைகள் வரை நீங்கள் என் பிள்ளைகள். அதன்பின் பெரிய கறுப்புக் கப்பல்களில் குருக்கள் வருவார்கள். வாரந்தோறும் பாவசங்கீர்த்தனம் செய்யலாம். எங்கும் உரக்கப் பாடிக்கொண்டு நடக்கலாம் என்பது அதன் சாரம். உரக்கப் பாடலாம் என்ற ஆசையைக் கவனிக்க வேண்டும். செல்வத்தையோ பழிவாங்கலையோ அந்த வாக்கு பேசவில்லை. குரல் எழுப்பிப் பாடக் கிடைக்கும் ஒரு நாளைத்தான் அவர்கள் பேரனுக்குப் பேரன் சொல்லிவந்தார்கள்.

கறுப்புக் கப்பல்கள் வரத்தான் செய்தன. அமெரிக்காவைத் தொடர்ந்து பிரான்சும் 1858இல் ஜப்பானோடு உடன்படிக்கை செய்துகொண்டது. துறைமுகக் குடியிருப்பில் வெளிநாட்டவர் தங்களுக்கென்று ஆலயம் கட்டிக்கொள்ளலாம். ஜப்பானியருக்கு வேதம் போதிக்கக் கூடாது. நாகசாகியின் ஓவுரா குன்றில் பாரிஸ் வேதபோதக சபைக் குருக்கள் ஃபியூரேயும் பெத்திழானும் ஓர் ஆலயம் எழுப்பினார்கள். கட்டிக்கொடுத்தவர் அமகுசா தீவைச் சேர்ந்த கொயாமா என்ற மரவேலைக் கலைஞர். 1597இல் நாகசாகியில் சிலுவையில் அறையப்பட்ட 26 வேதசாட்சிகளின் பெயரால் 1865 பிப்ரவரி 19 அன்று அது அர்ச்சிக்கப்பட்டது. (அந்த 26 பேரில் ஒருவர் நம் நாட்டு வசாயில் பிறந்த கொன்சாலோ கார்சியா என்பதை மூன்றாம் பகுதியில் பார்த்தோம்.) ஊர் மக்கள் அதைப் பிரெஞ்சுக் கோயில் என்று அழைத்து, வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள்.

மார்ச் 17, வெள்ளிக்கிழமை. நண்பகல் கழிந்து அரைமணி நேரம் இருக்கும். ஆலயத்தின் மூடிய கதவுக்கு முன் ஆணும் பெண்ணும் குழந்தையுமாகப் பத்துப் பதினைந்து பேர் நிற்பதைப் பெத்திழான் பார்த்தார். வேடிக்கை பார்க்க வந்தவர்களின் பார்வையாக அது அவருக்குத் தெரியவில்லை. கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்ப் பீடத்தின் முன் முழங்காலில் இருந்தார். ஒரு மந்திரம் சொல்லி முடிக்கும் நேரம்கூட ஆகியிருக்காது. மூன்று பெண்கள் வந்து அவர் பக்கத்தில் முழந்தாளிட்டார்கள். அவர்களில் ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் நெஞ்சில் கைவைத்து, சுவருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல, இங்கே நிற்கும் எங்கள் எல்லோருடைய மனமும் உங்கள் மனமும் ஒன்றுதான் என்று சொன்னார். எந்த ஊர் என்று கேட்டார் குரு. உராக்காமி, அங்கே ஏறத்தாழ எல்லோருக்கும் இதே மனம்தான் என்று பதில் வந்தது. அடுத்து அந்தப் பெண் கேட்டது சாந்தா மரியாவின் சுரூபம் எங்கே என்பது.

அந்தப் பெண்ணின் பெயர் சுகிமோத்தோ யூரி. ஞானஸ்நானப் பெயர் இசபெலினா. குருவானவர் மறுநாளே எழுதிய கடிதத்தால் இந்தக் காட்சி நமக்குக் கிடைத்திருக்கிறது. மாதா பீடத்தின் முன் குழந்தை இயேசுவைக் கண்டதும் அவர்கள் கிறிஸ்து பிறப்பு விழாவைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். பிறகு, இது துக்க காலம், இன்று அதன் பதினேழாம் நாள், நீங்களும் இதை அனுசரிக்கிறீர்களா என்று கேட்டார்கள். அந்த ஆண்டு சாம்பல் புதன் மார்ச் 1 அன்று வந்தது. மார்ச் 17 சரியாகத் தவக்காலத்தின் பதினேழாம் நாள். 221 ஆண்டுகள் ஒரு குருவையும் காணாத உழவர்கள், ரோமாபுரியோடு நாள் பிசகாமல் நடந்துவந்திருக்கிறார்கள். சிறையில் செத்த கிச்சிஸோவும் அவருக்கு முந்திய ஆறு ஏட்டுக்காரர்களும் செய்த வேலை அது. அந்தக் குரு எழுதியவற்றில் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிவது இந்தக் கணக்கு.

அதன்பின் வெவ்வேறு தீவுகளிலிருந்தும் கடற்கரை ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் எடுத்த எடுப்பில் நம்பிவிடவில்லை. பேதுரு என்ற தண்ணீர்க்காரர் ஒருவர், ரோமாபுரியின் பெரியவருடைய பெயர் என்ன என்று விசாரித்தார். ஒன்பதாம் பத்திநாதர் என்று சொன்னதும் மகிழ்ந்தார். உங்களுக்குப் பிள்ளைகுட்டி உண்டா என்பது அடுத்த விசாரணை. குருக்கள் மணம் செய்துகொள்வதில்லை என்று கேட்டதும் தரையில் விழுந்து வணங்கி நன்றி சொன்னார்கள். தாத்தாவுக்குத் தாத்தா சொல்லிவைத்த அடையாளங்களைக் கொண்டு அவர்கள் குருக்களைத்தான் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள்.

செய்தி வெளியே போகாதபடி குருக்கள் மிகவும் எச்சரிக்கையாக இருந்தார்கள். கூட்டமாக ஆலயத்துக்கு வர வேண்டாம் என்று கட்டளை. அதற்குப் பதில் குருக்கள் கிமோனோ உடுத்து இரவில் உராக்காமிக்குப் போனார்கள். உழவர் வீடுகளிலேயே நான்கு இரகசியச் சிற்றாலயங்கள் உருவாயின. அவற்றில் சூசையப்பர் சிற்றாலயம் இருந்தது தக்காகி சென்எமோன் என்பவருடைய இடத்தில். தோமிங்கோ என்பது அவருடைய ஞானஸ்நானப் பெயர், நாற்பதைக் கடந்தவர். பின்னால் நடந்தவை எல்லாம் இந்த மனிதரைச் சுற்றி நடந்தன என்பதால் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. இன்னும் பத்து ஆண்டுகள்கூட இப்படியே ஓட்டியிருக்கலாம். அப்போதுதான் சாவு குறுக்கே வந்தது.

ஒளிந்து வாழ்பவன் பிறப்பை மறைக்கலாம், செபத்தை மறைக்கலாம், மாதா சுரூபத்தைப் பௌத்தர்களின் கன்னோன் தேவியின் உருவத்தில் வைத்து மறைக்கலாம். பிணத்தை மறைக்க முடியாது. ஊரில் யார் செத்தாலும் விகாரைக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். பிக்கு வந்து சூத்திரம் ஓதி, பிணத்தைப் பார்த்து, ஏட்டில் எழுதி, அதன்பின் அடக்கம். மறைவில் வாழ்ந்த பல ஊர்களில், பிக்கு முன்னறையில் ஓதும்போது பின்னறையில் இருவர் மூவர் அமர்ந்து அந்த ஓதலைச் செல்லாததாக்கும் செபத்தை வாய்க்குள் முணுமுணுப்பது வழக்கமாக இருந்தது. தாயைப் பறிகொடுத்த மகன் வாய்விட்டு அழும் நேரத்திலும் நடித்துக்கொண்டிருக்க வேண்டும். வேறு எந்த வேஷத்தைவிடவும் இந்த வேஷம் அவர்களை அறுத்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

இப்போது குருக்கள் வந்துவிட்டார்கள். விகாரைச் சடங்கு வேதத்துக்கு ஒத்ததல்ல என்று தெளிவாகவும் சொல்லிவிட்டார்கள். 1867ஆம் ஆண்டு வசந்தத்தில் உராக்காமியின் மொத்தோஹாரா பகுதியில் மிஹாச்சி என்பவருடைய தாய் இறந்தார். ஷோதோக்குஜி விகாரையின் பிக்குவை அழைக்காமல் மகனும் அக்கம்பக்கத்தாரும் தாங்களே அடக்கம் செய்தார்கள். மணியக்காரர் கூப்பிட்டு விசாரித்தார். மழுப்ப வழி இருந்தது. அவசரம், மறதி, ஏழ்மை என்று எதையாவது சொல்லி அபராதம் கட்டியிருக்கலாம். மணியக்காரரும் அதைத்தான் விரும்பியிருப்பார். ஊரார் வேறு பதில் சொன்னார்கள். இனி எங்களுக்கு விகாரை வேண்டாம். எங்கள் ஆத்தும இரட்சிப்புக்கு எங்கள் முன்னோர் விட்டுப்போன வேதம் இருக்கிறது. அரசின் மற்ற எல்லாக் கட்டளைகளுக்கும் கீழ்ப்படிவோம் என்றார்கள். அதோடு நிற்காமல் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் பெயரை எழுதிப் பட்டியலாகக் கொடுத்தார்கள்.

அந்தப் பட்டியலின் முன் நான் பலமுறை நின்றுவிடுகிறேன். இரண்டரை நூற்றாண்டுகளாக அரசு தேடியலைந்த பெயர்கள் அவை. காசு கொடுத்தும், மிதிக்கச்செய்தும், ஐந்து வீடுகளை ஒன்றாகக் கட்டியும் முழுதாகக் கிடைக்காத அந்தப் பெயர்களை அவர்களே எழுதி நீட்டுகிறார்கள். ஒரு குருவும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பிரெஞ்சுக் குருக்களின் கவலையெல்லாம் நேர் எதிராக, எப்படி அடக்கி வாசிப்பது என்பதாகத்தான் இருந்தது. குருக்களுக்கு உடன்படிக்கையின் காவல் உண்டு; கப்பல் ஏறினால் பிரான்சு. இவர்களுக்கு உராக்காமியின் வயலைத் தவிர வேறு பூமி கிடையாது.

ஜூலை நடுவில் ஓர் இரவு, கொட்டும் மழையில், ஆட்சியரின் ஆட்கள் சிற்றாலயங்களைச் சூழ்ந்தார்கள். முதல் வீச்சில் 68 பேர் பிடிபட்டார்கள்; பிறகு இன்னும் சிலர். சிறையில் கைகால்களைப் பின்புறமாகச் சேர்த்துக் கட்டி உத்தரத்தில் தூக்கி அடிப்பார்கள். கீழே இறக்கித் தண்ணீர் ஊற்றுவார்கள். நனைந்த கயிறு இறுகிச் சதைக்குள் போகும். வேதத்தை விட்டுவிட்டேன் என்று ஒரு சொல் போதும், அவிழ்த்து விடுவார்கள்.

சொன்னார்கள். சென்எமோன் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் சொன்னார்கள்.

வீரக்கதையாக எழுத விரும்புகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுவார்கள். எனக்கோ உராக்காமியின் மகத்துவம் இங்கேதான் தொடங்குகிறது. விடுதலையாகி ஊர் திரும்பியவர்களுக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை. சில வாரங்களுக்கு முன் துணிந்து பெயர் எழுதிக் கொடுத்தவர்கள் அவர்கள். பிரெஞ்சுத் தூதரின் வற்புறுத்தலால் சென்எமோனும் மறுதலிக்காமலேயே ஊர்க் காவலில் விடப்பட்டார். அவர் யாரையும் ஏசியதாகவோ போதித்ததாகவோ குறிப்பு இல்லை. அவரைப் பார்த்ததே போதுமாக இருந்தது. முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மணியக்காரரிடம் திரும்பிப் போனார்கள். சிறையில் நாங்கள் சொன்னது செல்லாது, அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம், நாங்கள் கிறிஸ்தவர்கள் என்றார்கள்.

முதல் முறை பட்டியல் கொடுத்தபோது சித்திரவதை எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. இரண்டாம் முறை போனபோது கயிறு இறுகும் விதம் உடம்புக்குத் தெரிந்திருந்தது. தன்னால் தாங்க முடியாது என்பதும் தெரிந்திருந்தது. ஆயினும் போனார்கள். பேதுரு மறுதலித்த இரவைப் பற்றி நாம் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம். மறுதலித்தவன் அதே வாசலுக்குத் திரும்பிப்போய் நிற்பது எவ்வளவு கடினம் என்பதை எனக்குக் காட்டியவர்கள் இந்த உழவர்கள்.

இதற்கிடையே நாட்டின் ஆட்சியே மாறிப்போனது. தொக்குகாவா ஷோகுன்களின் அரசு வீழ்ந்து, 1868இல் பேரரசர் மெய்ஜியின் பெயரால் புதிய அரசு வந்தது. நிம்மதி கிடைக்கும் என்று எண்ணியிருப்பார்கள். புதிய அரசு பழைய பலகைகளை இறக்கிவிட்டுத் தன் பலகைகளை நட்டது. அவற்றிலும் கிறிஸ்தவத்துக்குத் தடை. பேரரசரைத் தெய்வ வம்சமாக முன்னிறுத்தி நாட்டை ஒன்றாக்க முனைந்தவர்களுக்கு, அவருக்கும் மேலே ஒருவர் உண்டு என்று சொல்லும் உழவர்கள் பொறுக்கக்கூடியவர்களாக இல்லை. கொல்லலாமா என்று ஆலோசித்து, கடைசியில் ஊரையே பெயர்த்துப் பல சிற்றரசுகளுக்கு நாடுகடத்துவது என்று முடிவானது. 1868 ஜூலையில் தலைவர்களாகக் கருதப்பட்ட 114 பேரை முதலில் அனுப்பினார்கள்: ஹாகிக்கு 66, சுவானோவுக்கு 28, புக்குயாமாவுக்கு 20. 1870இன் தொடக்கத்தில் மிச்சமிருந்த ஆண், பெண், கிழவர், கைக்குழந்தை எல்லோரையும் கப்பல்களில் ஏற்றினார்கள். மொத்தம் சுமார் 3,400 பேர். இருபதுக்கும் குறையாத இடங்களுக்குக் குடும்பங்கள் சிதறின. உராக்காமி மக்கள் பிற்காலத்தில் இதைப் பற்றிப் பேசும்போது ‘பயணம்’ என்ற ஒற்றைச் சொல்லால்தான் குறிப்பிட்டார்கள்.

எல்லா இடத்திலும் ஒரே கொடுமை இல்லை. சவேரியார் கால்வைத்த ககோஷிமாவில் ஓரளவு மனிதத்தன்மையோடு நடத்தினார்கள். மிகக் கொடிய இடங்களில் ஒன்று மலைகளுக்கு நடுவில் இருந்த சுவானோ. அங்குள்ள தலைவர்கள் முதலில் தர்க்கத்தால் வெல்ல முடியும் என்று நம்பினார்கள். எழுத்தறிவு குறைந்த உழவர்களிடம் வாதில் தோற்ற பிறகு உணவைக் குறைத்தார்கள். கைவிடப்பட்ட விகாரை ஒன்றில் அடைத்துவைத்தார்கள். பனிக்காலத்தில் உறைந்த குளத்தின் பனியை உடைத்து, சென்எமோனையும் இளைஞர் மொரியாமா ஜின்சாபுரோவையும் உடையின்றித் தண்ணீரில் தள்ளினார்கள். மூர்ச்சையாகும் தறுவாயில் வெளியே இழுத்து நெருப்புக் காட்டினார்கள். இருவரும் அசையவில்லை, பிழைத்தும் வந்தார்கள். நமக்கு இவை தெரிவது ஜின்சாபுரோவும் சென்எமோனும் விட்டுச்சென்ற நினைவுகளால்.

நிற்கவும் படுக்கவும் முடியாத மூன்றடிக் கூண்டு ஒன்றும் அங்கே இருந்தது. 27 வயது வாசாபுரோ அதற்குள் முடிந்துபோனார். அடுத்து யசுதாரோ. தன் பங்குச் சோற்றைப் பிறருக்குக் கொடுத்துவிட்டு, யாரும் தொடாத அழுக்கு வேலைகளைத் தானே எடுத்துச் செய்த மனிதர். கொட்டும் பனியில் அவரைக் கூண்டில் வைத்தார்கள். ஜின்சாபுரோ இரவில் தரைக்கு அடியில் வழி தோண்டி அவரைப் பார்க்கப் போனார். தனிமையாக இருக்கிறதா என்று கேட்டதற்கு யசுதாரோ சொன்னது, நள்ளிரவுக்குப் பின் விடியும்வரை நீல உடை தரித்த ஒரு பெண், மாதா படத்தில் உள்ள முகத்தோடு வந்து பேசிக்கொண்டிருக்கிறாள் என்பது. நான் உயிரோடு இருக்கும்வரை யாருக்கும் சொல்லாதே என்றும் கேட்டுக்கொண்டார். சில நாட்களில் இறந்தார்.

1870இல் இரண்டாம் தொகுதியாகச் சுவானோவுக்கு வந்த 125 பேரில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். பெரியவர்களை அசைக்க முடியாதபோது சிறுவர்கள்மேல் கைவைத்தார்கள். மோரி என்ற ஐந்து வயதுக் குழந்தையிடம் இனிப்பைக் காட்டி வேதத்தை விடச் சொன்னார்கள். மோட்சத்தில் இதைவிட இனிப்பானது இருக்கிறது என்று குழந்தை மறுத்தது. ஜின்சாபுரோவின் தம்பி யூஜிரோவுக்கு 14 வயது. குளிரில் உடையின்றி மரத்தில் கட்டிப் பல நாள் அடித்தார்கள். சாகும் நிலையில் அக்காள் மட்சுவிடம் கொடுத்தார்கள். எட்டாம் நாளோ எப்போதோ வலி தாங்காமல் செபித்தபோது கூரையில் ஒரு குருவி தன் குஞ்சுக்கு இரை ஊட்டுவதைக் கண்டதாகவும், ஆண்டவர் அதைவிட அதிகமாகத் தன்னைக் கவனிப்பார் என்று தோன்றியதும் வலி பொறுக்கக்கூடியதாகிவிட்டதாகவும் அக்காளிடம் சொன்னான். 1871இல் இறந்தான். கதறியதற்காக வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்டானாம் அந்தப் பையன். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது.

சுவானோவிலும் பிற இடங்களிலும் பட்டினியால் கையெழுத்துப் போட்டவர்கள் நிறைய இருந்தார்கள். குழந்தை பாலுக்கு அழும்போது கையெழுத்துப் போட்ட தாயை நான் எந்தத் தராசில் நிறுப்பேன்? அவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பிய பிறகு மறுபடியும் வேதத்துக்கு வந்தார்கள்.

அதிகாரிகள் கேட்டது பெரிதாக எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மனதுக்குள் எதை வேண்டுமானாலும் நம்பிக்கொள், வெளியே ஒரு கையெழுத்துப் போடு என்பதுதான் இதமாகப் பேசிய அதிகாரிகளின் யோசனை. இவர்களுடைய பாட்டன் பூட்டன் ஏழு தலைமுறையாகச் செய்ததும் அதுதானே! அந்த வழியில் பிழைக்கலாம் என்பதை இவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் உலகில் இல்லை. முன்னோர் மறைத்தது, ஒரு நாள் வெளியே சொல்வதற்காக. அந்த நாள் வந்துவிட்டது என்று நம்பியவர்களால் மறுபடி உள்ளே போக முடியவில்லை.

வெளிநாட்டுத் தூதர்கள் விடாமல் கண்டித்தார்கள். 1871 டிசம்பரில் புறப்பட்ட இவாகுரா தூதுக்குழு, உடன்படிக்கைகளைத் திருத்தி வாங்கலாம் என்று அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனது. போன இடமெல்லாம் உராக்காமியைப் பற்றிய கேள்வி முன்னே நின்றது. 1873 பிப்ரவரி 24 அன்று பலகைகளை அகற்ற ஆணை பிறந்தது. மத சுதந்திரம் தருகிறோம் என்று அந்த ஆணை சொல்லவில்லை. பலகையில் உள்ளது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆகவே எடுத்துவிடலாம் என்ற தோரணையில் இருந்தது. வரம்புகளோடு கூடிய மத சுதந்திரம் எழுத்தில் வந்தது 1889ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில்.

நாடுகடத்தப்பட்டவர்களில் 600க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. எல்லா மறைவுக் கிறிஸ்தவர்களும் வெளியே வந்துவிட்டார்கள் என்றும் எண்ணிவிடக் கூடாது. இக்கிட்சுக்கி போன்ற தீவுகளில் பலர் தடை நீங்கிய பிறகும் குருக்களிடம் போகாமல், முன்னோர் காட்டிய வழியில் வீட்டுக்குள்ளேயே செபித்துவந்தார்கள். அந்தச் செபங்களைக் காத்துக்கொடுத்தவர்கள்மேல் அவர்களுக்கு இருந்த நன்றி அப்படிப்பட்டது.

உராக்காமிக்குத் திரும்பியவர்களை வரவேற்றது இடிந்த வீடும் புதர் மண்டிய வயலும். உழவுக்கருவி இல்லாமல், உடைந்த ஓட்டுச்சில்லால் மண்ணைக் கிளறினார்கள் என்பது அந்த ஊரின் நினைவு. 1874இல் புயலும் சீதபேதியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மருத்துவம் அறிந்த பிரெஞ்சுக் குரு தெ ரோத்ஸ் வீடு வீடாக நடந்தார். கூடவே நடந்து நோயாளிகளைக் கழுவித் துடைத்தவர்களில் ஒருத்தி, ஒக்கயாமாவுக்கு நாடுகடத்தப்பட்டு அங்கே தந்தையையும் தங்கையையும் பறிகொடுத்துத் திரும்பிய இவானாகா மாக்கி. வயது 25. நோய்த்தொற்று வீட்டுக்கு வராமல் இருக்க அவளும் அவளுடைய தோழிகளும் ஒரு கொட்டகையில் தனியே தங்கினார்கள். நோயில் பெற்றோரை இழந்த குழந்தைகளையும் அங்கேயே வளர்த்தார்கள். ஜப்பானின் முதல் அநாதை இல்லங்களில் ஒன்றும், ஒரு கன்னியர் சபையும் அந்தக் கொட்டகையிலிருந்து வளர்ந்தன.

1880இல் உராக்காமி மக்கள் கையில் கொஞ்சம் காசு சேர்ந்தது. அவர்கள் விலைபேசப் போனது மணியக்காரரின் வீட்டை. அந்த இடத்தில் எழுந்த பேராலயத்தையும், அதைக் கட்டி முடிக்க அவர்களுக்குப் பிடித்த முப்பது சொச்சம் ஆண்டுகளையும் அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)